தோளுக்குப் பின்னால் நின்றவர்

1

போன மாதம் எங்கள் வீட்டு டிவியில் அவர் மறுபடியும் வந்தார். தலைவரைச் சொல்லவில்லை. தலைவரின் தோளுக்குப் பின்னால் நிற்பவரைச் சொல்கிறேன்.

நாங்கள் இலங்கையிலிருந்து கனடாவுக்கு வந்து நான்கு குளிர்காலங்கள் முடிந்து ஐந்தாவது தொடங்குகிறது. ஸ்காபரோவில் ஒரு அடுக்குமாடியில், ஒன்பதாவது மாடியில் இருக்கிறோம். இப்போது இங்கே தேர்தல். கட்சித் தலைவர்கள் ஒரே மேடையில் நின்று வாதாடுவதை அன்று மாலை காட்டினார்கள். என் மகள் சுகந்தி தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. இது அவளுடைய முதல் ஓட்டு. நான் சோற்றுத் தட்டோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்தேன். கண்ணை நேராக நம்மீது வைத்துப் பேசிக்கொண்டிருந்த தலைவருக்கு வலப்பக்கத்தில், தோளை ஒட்டி, சாம்பல் நிறத்தில் இன்னொருவர் நின்றார். தலைவர் கையை உயர்த்தினால் அவரும் உயர்த்தினார். தலைவர் சிரித்தபோது முகமே இல்லாத அவரும் சிரித்த மாதிரி இருந்தது.

தட்டு என் கையிலிருந்து நழுவிவிட்டது. கம்பளமெங்கும் பருப்பும் சோறும்.

"என்னம்மா?" என்றாள் சுகந்தி.

"அத நிப்பாட்டு."

"இன்னும் பேசி முடிக்கல."

"நிப்பாட்டுன்னா நிப்பாட்டு."

என் கணவரும் அந்த அறையில்தான் இருந்தார், டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. திரும்பாமலே சொன்னார்: "டிவி அலை எதிர்க் கட்டடத்துல பட்டுத் திரும்புது, அதான் ரெண்டா தெரியுது. வேற ஒண்ணுமில்ல."

கோடையில் எங்கள் சன்னலுக்கு எதிரே புதிதாக ஒரு அடுக்குமாடி எழும்பியிருக்கிறது. அவர் சொன்னது சரிதான். பதுளையிலும் அவர் சரியாகத்தான் சொன்னார்.

2

அவர் ஏன் முதுகைக் காட்டி உட்காருகிறார் என்று இங்கே வருகிறவர்கள் கேட்பார்கள். ஊரில் அவர் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர். தூளை உள்ளங்கையில் வைத்து முகர்ந்தே எந்த மலையில் பறித்த கொழுந்து என்று சொல்லுவார். இங்கே ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். அரசியல்வாதி யார் டிவியில் வந்தாலும் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார். "மொகத்த பாத்தா காது கேக்காது" என்பது அவருடைய கட்சி. நான் அதற்கு நேர் எதிர். சத்தத்தைக் குறைத்துவிட்டு, பேசுகிறவரின் இருபுறமும் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். எங்கள் இருவருக்கும் நடுவில் வளர்ந்தவள் சுகந்தி.

அவளை இங்கே 'சூ' என்று கூப்பிடுகிறார்கள். நாயை விரட்டுகிற சத்தம் அது என்று நான் சொன்னால் சிரிக்கிறாள். பள்ளி முடிந்து ஒரு கட்சி அலுவலகத்துக்குப் போகிறாள். வாக்காளர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசும் வேலை, சம்பளமில்லை. குளிர்ச் சட்டையில் அந்தத் தலைவரின் முகம் போட்ட வட்ட வில்லை ஒன்றைக் குத்திக்கொண்டு வருகிறாள். ஒரு நாள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்: "அவரு பேசறப்ப நம்மளையே பாக்குற மாதிரி இருக்கு, இல்லம்மா?"

அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. அந்த வாக்கியத்தை நான் இதற்கு முன் கேட்டிருக்கிறேன். அதை நம்பியவர்கள் எந்த இடம் வரை போனார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். என் பிள்ளை தன் முதல் ஓட்டை ஒரு முகத்தின் பார்வைக்குக் கொடுத்துவிடக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஓட்டுரிமை என்பது எங்களுக்கு லேசில் வந்ததல்ல, அங்கே மலைநாட்டில் இந்தக் கடிதத்தை வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். பிறந்த மண்ணில் பிரஜை என்று பதிந்துகொள்ள என் கணவர் பாதி இளமையை அரசாங்கக் கந்தோர் வாசல்களில் கழித்தார். இங்கே வாக்காளர் பெயர் எழுத இரண்டு பெண்கள் வீடு தேடி வந்தார்கள். இவர் பதறிப்போய் பெட்டியைத் திறந்து, தாத்தா கப்பலேறிய காகிதம் முதல் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார். அந்தப் பெண்கள் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு நன்றி சொல்லிப் போனார்கள்.

"அவ்வளவுதானா?" என்று மூடிய கதவைப் பார்த்துக் கேட்டார். "ஒரு பேப்பரும் வேணாமாமே."

இங்கே யாழ்ப்பாணத்துக்காரர்களின் கடைகளில் நான் வாய் திறந்தால், "நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்கிறார்கள். பதுளை என்றால், "ஓ, மலைநாடோ," என்று கொஞ்சம் யோசிக்கிறார்கள். ஆக, எங்கே போனாலும் நாங்கள் யாரென்று சொல்லவே நேரம் போய்விடுகிறது. டிவியில் வருகிறவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை.

3

எங்கள் தோட்டம் ஸ்பிரிங்வெளிப் பக்கம். நான் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. நமுனுகுலை மலை காலை வெயிலை வெகுநேரம் மறித்துக்கொண்டு நிற்கும். நாட்டில் டிவி வந்த புதிதில், பதுளை பஜாரில் கடை வைத்திருந்த ரஹீம் நானாவிடம் தவணைக்கு ஒன்று வாங்கினோம். ஏரியலை அவரே வந்து முற்றத்தில் ஒரு குழாயில் மாட்டினார்.

"இறுக்கிப் பூட்டல்ல டீச்சர்," என்றார். "இந்த மலைக்குள்ள ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொரு பக்கம் திருப்ப வேண்டி வரும். ஆள் ஒண்டு வெளிய நிண்டு திருப்பட்டும், நீங்க உள்ள இருந்து சொல்லுங்க."

அப்படித்தான் நடந்தது. வெளியே ஒருவர் குழாயைப் பிடித்துக்கொள்ள, உள்ளேயிருந்து நாங்கள், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஐயோ போயிடுச்சு," என்று கத்துவோம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து, வேலை முடிந்து கை கால் கழுவிக்கொண்டு, பெண்கள் வந்து கூடத்தில் நிறைந்துவிடுவார்கள். முன்வரிசை எப்போதும் பாக்கியம் அக்காவுக்கு. நான்கு பிள்ளைகளைப் பெற்றவள், கொழுந்து பறிப்பில் வேகமானவள், வாய் அதைவிட வேகம். அவளுக்குப் பிரஜா உரிமைக் காகிதம் அந்த வருடம்தான் கைக்கு வந்திருந்தது.

அடுத்த தேர்தலில் போட்டியிடுகிறவர்களுக்கு டிவியில் பேச நேரம் ஒதுக்கினார்கள். முதலில் ஆளும் தலைவர் வந்தார். கறுத்த திரைக்கு முன்னால் வெள்ளை உடையில் உட்கார்ந்து, கையில் காகிதமில்லாமல், கண்ணை நேராக எங்கள்மேல் வைத்துப் பேசினார். பாக்கியம் அக்கா தலைத்துண்டை எடுத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"எந்திரிங்கடி. நம்மள பாக்குறாரு."

"டிவிக்குள்ள இருந்து எப்பிடிக்கா பாப்பாரு?" என்றாள் ஒருத்தி.

"நீ பாக்குற, அவரு பாக்க மாட்டாரா? ஒனக்கு மட்டுந்தான் கண்ணு இருக்கா?"

எல்லோரும் எழுந்தார்கள். காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், தொரை வந்து முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு போகும்போது நிற்பார்களே, அந்த மாதிரி நின்றார்கள். அப்போதுதான் அவளுக்கு அது கண்ணில் பட்டது.

"தோளுக்குப் பின்னாடி யாரு டீமேக்கர் ஐயா?"

"யாருமில்ல பாக்கியம். அலை நேரா ஒரு தடவ வருது. அதே அலை நமுனுகுலையில மோதி ரெண்டாவது தடவ வருது. அதான் ரெண்டு ரெண்டா தெரியுது."

"அப்ப நமுனுகுலையே அவருக்குப் பின்னாடி நிக்குதுன்னு சொல்லுங்க."

"அப்பிடி இல்ல..."

"எனக்கு யாருன்னு தெரியுது," என்று குரலைத் தாழ்த்தினாள். "ரோதமுனி."

தொழிற்சாலைச் சக்கரங்களுக்குக் காவலாக நாம் பொங்கல் வைக்கிற ரோதமுனியை உங்களுக்குத் தெரியும். என் கணவரே வருடந்தோறும் அவருக்குச் சேவல் கொடுப்பவர். ஏரியலைப் பார்க்கிறேன் என்று முற்றத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் எதிர்த்து நின்றவர் வந்தார். வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து காகிதத்தைப் பார்த்து வாசித்தார். பின்னால் வெளுப்பாக இருந்ததால் இரட்டை உருவம் தெரியவில்லை. அவர் அரிசி விலையைப் பற்றி, நியாயமாகத்தான் பேசினார்.

"இவருக்கு யாருமில்ல, பாவம். ஒத்தையில வந்திருக்காரு," என்றாள் பாக்கியம் அக்கா. "கணக்கப்பிள்ள பேர் வாசிக்கிற மாதிரி குனிஞ்சே இருக்காரு பாரு. நிமிந்தா நம்ம மூஞ்சிய பாக்கணுமே."

கூடம் சிரித்தது. அத்தோடு அவர் கதை முடிந்தது.

பாடசாலையில் பிள்ளைகளிடம் தலைவரைப் படம் வரையச் சொன்னேன். தாள்களைத் திருத்த எடுத்தபோது கை நின்றுவிட்டது. எல்லாத் தாளிலும் இரண்டு பேர். முன்னால் கண்ணும் மூக்கும் வைத்த ஒருவர். பின்னால் பென்சிலால் தேய்த்துக் கறுப்பாக்கிய ஒருவர். டிவியே பார்த்திராத பிள்ளைகளும் அப்படித்தான் வரைந்திருந்தார்கள்.

ஓட்டுப் போட்டு வந்த அன்று பாக்கியம் அக்கா விரலில் இருந்த மை அழியக்கூடாதென்று கரண்டியால் சோறு தின்றாள். தொழிற்சங்கம் சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும். தோட்டத்தில் எங்கள் டிவிசனில் ஓட்டு இருந்த அத்தனை பேரும் முனி நிற்கிறவருக்கே போட்டார்கள். தலைவர் என்ன சொன்னார் என்று மறுநாள் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் ஒரு வசனம்கூட நினைவில்லை.

4

அதற்கு அடுத்த வருடம், எண்பத்து மூன்று ஆடியில், தமிழர்களுக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. ஒரு மாலையை மட்டும் எழுதுகிறேன்.

பகலில் ரஹீம் நானா தொழிற்சாலைக்குத் தொலைபேசி எடுத்தார். "பஜார்ல தமிழாக்கள்ட கடையெல்லாம் பத்துது டீமேக்கர். ஊட்ட இரிக்க வாணாம்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஹாலிஎலப் பக்கம் புகை எழும்பிச் சாய்ந்து நின்றது. அன்று மாலை தலைவர் டிவியில் பேசப்போவதாக அறிவித்திருந்தார்கள்.

லயத்தில் ஒரே வாக்குவாதம். மேலே பற்றைக்காட்டுக்கு ஏறிவிடலாம் என்று சிலர். கைக்குழந்தைகள், நடக்க முடியாதவர்கள், தூறல், அட்டைக்கடி, இவற்றோடு எங்கே ஏறுவது என்று சிலர். பாக்கியம் அக்கா போகக்கூடாது என்ற பக்கம்.

"அவரு பேசட்டும். நம்ம ஓட்ட வாங்குன ஆளு. ஒரு வார்த்த சொன்னா எல்லாம் அடங்கிரும்."

அவள் இருந்தால் மற்றவர்களும் இருப்பார்கள். அதனால் அன்று அத்தனை குடும்பங்களின் உயிரும் எங்கள் கூடத்து டிவியில் வந்து நின்றது.

வெளியே காற்று. ஏரியல் ஆடாமல் குழாயைப் பிடித்துக்கொள்ளச் சுகந்தியை முற்றத்துக்கு அனுப்பினேன். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. விளக்கெல்லாம் அணைத்துவிட்டோம். டிவி வெளிச்சம் மட்டும். தலைவர் வந்தார். அதே கண், அதே நேர்ப் பார்வை. தோளுக்குப் பின்னால் அவரும் இருந்தார். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது.

பேச்சு சிங்களத்தில். கடைத்தெருச் சிங்களம்தான் லயத்தில் தெரியும். அதனால் பாக்கியம் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"என்ன சொல்றாரு டீச்சர்?"

"நம்மள பத்தி இன்னும் வரலக்கா."

நாட்டைப் பற்றிப் பேசினார். சட்டத்தைப் பற்றிப் பேசினார். சிங்கள மக்களின் மனத்தாங்கலைப் பற்றிப் பேசினார். எரிந்த வீடுகளுக்காக ஒரு சொல் வரும், வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"இப்ப?"

"இன்னும் இல்லக்கா."

"கடைசியில சொல்லுவாரு," என்றார் என் கணவர். "முடிக்கிறப்பதான் அதெல்லாம் சொல்லுவாங்க."

படம் ஒரு தரம் நெளிந்தது. கோடு கோடாக ஓடியது. நான் வெளியே பார்த்துக் குரல் கொடுத்தேன். பிறகு படம் நின்றது. அவ்வளவு துல்லியமாக அந்த வீட்டில் ஒரு நாளும் படம் தெரிந்ததில்லை. சட்டைப் பித்தான் தெரிந்தது. கண்ணில் ஈரம் தெரிந்தது. பின்னால் யாருமில்லை.

பாக்கியம் அக்கா எழுந்தாள். மரியாதைக்கு எழுகிறாள் என்று நினைத்து மற்றவர்களும் எழுந்தார்கள்.

"போயிட்டாரு," என்றாள்.

"யாருக்கா?"

"கூட நின்னவரு. இவர விட்டுட்டுப் போயிட்டாரு. இனி இவரு சொன்னாலும் ஒண்ணுதான், சொல்லாட்டியும் ஒண்ணுதான். புள்ளைங்கள தூக்குங்க."

ஒருத்தி அழுதாள். "அக்கா, பேசி முடிக்கட்டுமே."

"இருந்து கேட்டுட்டு வாடி நீ. சாம்பலா வா."

அவள் வெளியே போய், குழாயைப் பிடித்திருந்த சுகந்தியின் கையைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு, தேயிலைக்குள் இறங்கி மேலே ஏறத் தொடங்கினாள். மற்றவர்கள் பின்னால் போனார்கள். என் பிள்ளை போகிறாளே என்று நானும் ஓடினேன். என் கணவர் மட்டும் அசையவில்லை.

"இதே பேச்ச பிறகு தமிழ்ல வாசிப்பாங்க. அதுல வரும். கேட்டுட்டு வர்றேன்."

பற்றைக்காட்டிலிருந்து பார்த்தோம். ஒரு லயத்தில் தீ ஏறி அடுத்ததுக்குத் தாவியது. காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் சத்தமே கேட்கவில்லை. யாரோ மெதுவாக ஒவ்வொரு அறையாக விளக்கேற்றிக்கொண்டு போவது போலத்தான் இருந்தது. எங்கள் சன்னலில் நீல வெளிச்சம் மட்டும் தனியாகத் தெரிந்தது. பிறகு அதுவும் போனது.

விடியும்போது அவர் வந்தார். தலை முழுக்கத் தேயிலைத் தூள். சத்தம் கேட்டதும் ஓடிப்போய்த் தொழிற்சாலை மாடியில், வாட்டப் போட்டிருந்த கொழுந்துக்கு அடியில் படுத்துக்கிடந்திருக்கிறார்.

"தமிழ்ல என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று இன்றுவரை தெரியாது.

"கரண்டு போயிடுச்சு," என்றார்.

எங்கள் டிவிசனில் ஓர் உயிரும் போகவில்லை. பாக்கியம் அக்கா பிறகு ஹல்துமுல்லையில் தங்கச்சி வீட்டோடு போய்விட்டாள். முனி சொல்லித்தான் போனோம் என்று அங்கேயும் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

5

தட்டு விழுந்த சில நாட்களுக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சுகந்தியைச் சமையலறையில் உட்காரவைத்து இதையெல்லாம் சொன்னேன். இத்தனை வருடங்களில் நாங்கள் அந்த மாலையைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. சொல்லி முடித்து, "அதனாலதான் சொல்றேன். பார்வைய பாத்து ஏமாந்துறாத," என்றேன்.

அவள் தேநீர்க் கோப்பையைக் கையில் சுழற்றிக்கொண்டே இருந்தாள்.

"அன்னைக்கு நான் அவரப் பாக்கவே இல்லம்மா. நான் வெளிய இருந்தேன்."

"தெரியும்."

"உனக்குத் தெரியாது. குழாய் நின்ன இடத்துல இருந்து டிவி தெரியாது. சன்னல் வழியா நீங்கதான் தெரிவீங்க. எல்லாரும் நீலமா இருந்தீங்க. ஒருத்தர்கூடக் கண் சிமிட்டல. செத்தவங்கள வரிசையா நிக்க வச்ச மாதிரி."

நான் என் கோப்பையை மேசையில் வைத்தேன்.

"கீழ் ரோட்டுல வெளிச்சம் வந்திச்சு. பந்தம். வளைவு வளைவா மேல ஏறுது. நான் கூப்பிட்டேன். அம்மான்னு கூப்பிட்டேன். ரெண்டு தடவ. நீ உள்ள இருந்து, 'ஆட்டாமப் பிடிடீ'ன்னு சத்தம் போட்ட."

நான் குரல் கொடுத்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா. என்ன சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லாமல் இருந்தது.

"விட்டுட்டு உள்ள ஓடி வந்திருக்கலாமே," என்றேன்.

"குழாய விட்டா அடிப்பீங்கன்னு பயம்," என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பில்லாமல் சொன்னாள்: "படத்தக் கெடுத்தா வெளிய பாப்பீங்கன்னு நினைச்சேன். அதனால குழாய ஒரே திருப்பா திருப்பினேன். கெடட்டும்னுதான் திருப்பினேன். அது நல்லா வந்துட்டுது."

அடுப்பில் கொதிப்பது போல், வீட்டைச் சூடாக்கும் வெப்பக் குழாய்க்குள் நீர் சத்தமிட்டது.

"அப்ப முனி..."

"நான்தாம்மா."

"பாக்கியம் அக்காகிட்டச் சொன்னியா?"

"மேல ஏறுறப்ப சொன்னேன். 'நீ சின்னப் புள்ள, ஒன் கைய யாரு திருப்புனதுன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்'னாங்க."

அந்தப் பதிலை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"பின்ன ஏன் அந்த மனுசன் நம்மளையே பாக்குற மாதிரி இருக்குன்னு கேட்ட?"

"நீ என்ன சொல்றேன்னு பாக்கத்தான். போன்ல தினமும் நூறு பேர் அதையே சொல்றாங்க. பஸ் கட்டணத்த ஏத்துவாரா, வாடகைக்கு என்ன செய்வாருன்னு கேட்டா, 'அவர் கண்ணப் பாத்தீங்களா'ன்னு என்னையே கேக்குறாங்க. வெள்ளைக்காரங்க, கறுப்பங்க, நம்ம ஆளுங்க, எல்லாரும். எனக்குக் குளிருது அம்மா."

யாருக்குப் போடப்போகிறாய் என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். சட்டையில் அந்த வில்லை இன்னும் இருந்தது. அலுவலகத்தில் குத்தச் சொல்கிறார்களாம்.

அங்கே உங்களுக்கும் தேர்தல் வருகிறது. காலமெல்லாம் நாடற்றவர்களாக இருந்தவர்களுக்கும் இந்த முறை ஓட்டு உண்டென்று கேள்விப்பட்டேன். லயத்துக்கு ஒரு டிவியாவது இருக்குமாம். என் சந்தோசத்தைச் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். எழுத்து வேறு பக்கம் போய்விட்டது.

இங்கே வாக்களிப்புக்கு முந்தின மாலை அந்தத் தலைவர் கடைசியாக ஒரு முறை டிவியில் பேசினார். இவர் வழக்கம்போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து காதைக் கொடுத்தார். நான் தலைவரின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நிற்கிறாரா என்று. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சுகந்தி தரையில் இல்லை என்று கவனித்தேன். சன்னலோரம் நின்றிருந்தாள். டிவி வெளிச்சம் படாத இடம் அது. எங்களை ஒரு தரம் பார்த்தாள். கண்ணாடியில் நெற்றியை வைத்து, ஒன்பது மாடிக்குக் கீழே தெருவைப் பார்த்தாள். மறுபடி எங்களைப் பார்த்தாள்.

தெருவில் ஒன்றுமில்லை, பனிதான் கொட்டுகிறது, வந்து உட்கார் என்று சொல்ல நினைத்தேன். நான் எழுந்து பார்க்கவில்லையே, எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.